நாயைக் கட்டியாயிற்றா, சிஸ்டர்?

எங்கள் வீட்டுக்கு சிலிண்டர் கொண்டுவருபவர் பத்து வருடமாக வாசல் கேட்டுக்கு வெளியே நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்டுவந்தார். "நாயைக் கட்டியாயிற்றா, சிஸ்டர்?" "கட்டியாயிற்று, வாருங்கள்" என்று நான் உள்ளேயிருந்து சத்தம் கொடுத்த பிறகுதான் கொக்கி விலகும். அப்போதும் சும்மா வந்துவிட மாட்டார். எட்டிப் பார்த்து, சங்கிலியின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டுதான் காலை உள்ளே வைப்பார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. 2014-இல் ராகி அவருடைய வலது கெண்டைக்காலைக் கவ்வியிருக்கிறாள். சிமெண்ட் தரையில் சிலிண்டர் உருளும் சத்தம் அவளுக்கு ஆகாது. பல் இரண்டு இடத்தில் இறங்கியிருந்தது. மனிதரைக் குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவினேன். "போதும் சிஸ்டர், தோலே போய்விடும்" என்று கெஞ்சினார். ராகிக்கு வருடா வருடம் ரேபிஸ் தடுப்பூசி போட்டிருந்தேன். இருந்தாலும் கடி என்றால் கடிதான். 0, 3, 7, 28 என்று நான்கு நாளும் அவரை என் ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். கடைசி நாள் அவர்தான் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

நான் கிராம சுகாதார செவிலியராக 33 வருடம் வேலை பார்த்தவள். 2020-இல் ஓய்வு. கொரோனா வருடம் என்பதால் வழியனுப்பு விழாவும் இல்லை, சால்வையும் இல்லை, அதை விடுங்கள். பாப்பாரப்பட்டிக்கு வெளியே, பென்னாகரம் போகும் பக்கத்தில் எங்கள் வீடு. நான், வீட்டுக்காரர், 86 வயது மாமியார். மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். ராகி எங்களோடு பதின்மூன்று வருடம் இருந்தாள்.

அவள் வந்த கதையைச் சொல்ல வேண்டும். 2011 கார்த்திகையில் ஒரு காலை, துணை சுகாதார நிலையத்தைத் திறக்கப் போனால் வாசற்படியில் ஒரு சிமெண்ட் சாக்கு. உள்ளே கண் திறந்து சில நாளே ஆன பெட்டைக் குட்டி ஒன்று. ஆண் குட்டிகளை யாரோ பிரித்துக்கொண்டு, மிஞ்சியதை எங்கள் படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கூட வேலை பார்த்த சிஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "தொட்டில் குழந்தை வந்திருக்கிறது, பதிவேட்டில் ஏற்றுங்கள்" என்றார். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் எங்கள் மாவட்டத்துக்கும் வந்தது. அந்த நாட்களில் எங்களைப் போன்றவர்கள் எந்தெந்த வாசலில் போய் நின்றோம், என்னவெல்லாம் கேட்டோம் என்பது இந்தப் பதிவுக்குள் அடங்காது. அன்று இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்த பிறகு இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தோம்.

கேழ்வரகு நிறத்தில் இருந்ததால் வீட்டுக்காரர் ராகி என்று பெயர் வைத்தார். அவர் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் பெரிய பெயராக ஏதாவது எதிர்பார்த்தேன்.

இனி சொல்லப்போவதைப் பத்து மாதமாகத் தள்ளிப்போட்டுவருகிறேன்.

ஊர் ஊராக நடந்து, திண்ணை திண்ணையாக உட்கார்ந்து, இரண்டு குழந்தைக்கு மேல் வேண்டாம் என்று பேசிப் பேசிப் பெண்களைக் குடும்ப நல அறுவை சிகிச்சைக்கு அழைத்துப்போனவள் நான். என் வீட்டுப் பெட்டை நாய்க்கு அதைச் செய்யவில்லை. "ஒரு தடவையாவது குட்டி போடட்டும்" என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். போட்டாள். ஐந்து குட்டி, அதில் மூன்று பெட்டை. ஆண் இரண்டும் பத்தே நாளில் போய்விட்டன. பெட்டை மூன்றுக்கும் நான் வரன் பார்ப்பதுபோல் அலைந்தேன். அடுத்த வருடம் மறுபடியும் ஆறு. அதற்குப் பிறகாவது கத்தியை நாடியிருக்க வேண்டும். அப்போது, நாய் வளர்க்கும் ஒரு பழக்கக்காரர், பெண்களுக்குப் போடும் மூன்று மாதக் கருத்தடை ஊசி நாய்க்கும் கேட்கும் என்றார். மருந்துக் கடையில் கிடைத்தது. அளவை நானே குறைத்துக்கொண்டேன். வருடத்துக்கு இரண்டு என்று மூன்று வருடம், ஆறு ஊசி. அவள் பருவத்துக்கு வருவது நின்றது. வாசலில் தெரு நாய்க் கூட்டம் இல்லை. என் கைத்திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

2023 கார்த்திகை தீபத்தின்போது அவள் மல்லாந்து படுத்திருக்க, வயிற்றைத் தடவிக்கொடுத்த விரலில் ஒரு அவரைக்கொட்டை தட்டியது. கடைசி ஜோடிக் காம்புக்குப் பக்கத்தில். பால் கட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். குட்டி போட்டு எட்டு ஒன்பது வருடமான நாய்க்கு ஏது பால்? மனிதப் பெண் ஒருத்தி இதையே வந்து சொல்லியிருந்தால் அன்றைக்கே பஸ் ஏற்றியிருப்பேன். மாட்டுப் பொங்கலன்று வீட்டுக்காரர் அவளைக் குளிப்பாட்டி நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு, "இங்கே என்ன, எலுமிச்சம்பழம் மாதிரி?" என்றார்.

கால்நடை மருந்தகத்து டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு நாமக்கல்லுக்கு எழுதிக் கொடுத்தார். நாயோடு பஸ்ஸில் ஏற முடியாது. இரண்டு வாடகைக் கார்க்காரர்கள் சீட்டில் முடி ஒட்டும் என்று மறுத்தார்கள். மூன்றாமவர், எங்கள் வீட்டுப் படுக்கை விரிப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும், வாந்தி எடுத்தால் நாங்களே துடைக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு வந்தார். தொப்பூர் கணவாயில் வாந்தி எடுத்தது என் வீட்டுக்காரர். ராகி சேலம், ராசிபுரம் எல்லாம் தாண்டி நாமக்கல் வரை ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு ஒரு குறையும் இல்லாமல் வந்தாள்.

கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆடுகள், ஒரு காளை, கூண்டுக்குள் ஒரு கிளி என்று அத்தனைக்கும் நடுவில் எங்களுக்கும் ஒரு சீட்டு. இளம் பெண் டாக்டர். என் மகனைவிடச் சிறியவராக இருப்பார். ஒவ்வொரு காம்பாகத் தடவி, ஐந்து ஜோடியையும் பார்த்து, கட்டியை அளந்தார். 4 சென்டிமீட்டருக்கு மேல். 3-ஐத் தாண்டினாலே கவலைப்பட வேண்டிய அளவாம். நாய்களுக்கு வரும் மார்புக் கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றாக இருக்கும் என்றார். பிறகு, எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்: "பருவம் வராமல் இருக்க ஏதாவது ஊசி போட்டீர்களா?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். எத்தனை, எந்த வருடம், என்ன அளவு, எல்லாம். மேலதிகாரி ஆய்வுக்கு வந்தபோதுகூட நான் அவ்வளவு துல்லியமாகப் பதில் சொன்னதில்லை.

அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அந்த வகை ஹார்மோன் ஊசிகள் நாய்களுக்கு மார்புக் கட்டிக்கும் கருப்பைச் சீழுக்கும் வாய்ப்பைக் கூட்டும் என்றார். இவளுக்கு இதனால்தான் வந்தது என்று ஒரு தனி நாயைக் காட்டிச் சொல்ல முடியாது, கருத்தடை அறுவை செய்யாத எந்தப் பெட்டைக்கும் வரலாம் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து நானே தேடிப் படித்தேன். 1969-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு: முதல் பருவத்துக்கு முன்பே அறுவை செய்துவிட்டால், செய்யாத நாய்க்கு இருக்கும் ஆபத்தில் 0.5 சதவீதம்தான், ஒரு பருவம் கடந்தால் 8, இரண்டு கடந்தால் 26. 2012-இல் இதையெல்லாம் மறுபடி அலசிய ஒரு கட்டுரை, சான்று அவ்வளவு பலமானதில்லை என்கிறது. அந்த இரண்டாவது கட்டுரையை நான் எத்தனை தடவை படித்தேன் என்பதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

நெஞ்சு எக்ஸ்ரே அப்போது சுத்தமாக இருந்தது. அதனால் பிப்ரவரியில் அறுவை. ஒரு பக்க மடி வரிசை முழுவதையும், கருப்பையையும் எடுத்தார்கள். 31 தையல். பரிசோதனையில் புற்று என்றே வந்தது. தையல் பிரித்த பிறகு ஐந்து மாதம் அவள் நன்றாகவே இருந்தாள். அந்த ஐந்து மாதத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. களி தின்றாள், தூங்கினாள், சிலிண்டரைப் பார்த்துக் குரைத்தாள்.

அந்த ஆடியில் காவிரியில் வெள்ளம். ஒகேனக்கல்லில் குளிக்கத் தடை. பெருக்குக்கு வந்த உறவுக்காரர்கள் எங்கள் வீட்டில் இறங்கி, வழியில் வாங்கிவந்த மீன் வறுவலை ராகிக்கும் போட்டார்கள். அன்று இரவு அவள் இருமினாள். முள் குத்தியிருக்கும் என்று வாழைப்பழம் கொடுத்தோம், வெறும் சோறு உருட்டிக் கொடுத்தோம். அடுத்த நாளும் இருமல். பத்து நாள் நாங்கள் அந்த மீன் முள்ளை நம்பிக்கொண்டிருந்தோம். உறவுக்காரர்களைக்கூடத் திட்டினேன். மறுபடி நாமக்கல், மறுபடி தொப்பூர். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் நெல்லிக்காய்களை இறைத்ததுபோல் வெள்ளை உருண்டைகள். டாக்டர் படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்தார். நான் இருக்கட்டும் என்று கையைக் காட்டினேன், எனக்குத் தெரிந்துவிட்டது.

மகன் பெங்களூரில் பெரிய இடம் இருக்கிறது, பணம் நான் தருகிறேன் என்றான். கீமோ கொடுத்தால் இந்த நிலையில் என்ன கிடைக்கும் என்று டாக்டரையே கேட்டேன். "கொஞ்சம் நாள், நிறையப் பயணம்" என்றார். வேண்டாம் என்று முடிவெடுத்தேன். வீட்டில் இருவரையும் கலந்துகொள்ளவில்லை. பிறகு சண்டை வந்தது.

அன்று மாலை பழைய டைரி ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். வேறென்ன செய்வேன்? வேலை பார்த்த காலம் முழுவதும் பதிவேடு எழுதிய கை. தூங்கும்போது மூச்சு, சாப்பிட்டது, குடித்தது, ஈறின் நிறம், எழுந்து நடந்த தூரம், இரவு இருமல். மூச்சுதான் முக்கியம். கைக்குழந்தைகளுக்கு எண்ணி எண்ணிப் பழகியது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசு என்றால் நிமிடத்துக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. அந்த எண்ணைத் தொட்டுவிட்டால் நிமோனியா என்று சந்தேகிக்க வேண்டும். தூங்கும் நாய்க்கு 30-க்குள் இருக்க வேண்டும். முதல் நாள் 26. நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, விலா ஏறி இறங்குவதைப் பார்த்து, விநாடி முள்ளோடு எண்ணுவேன். உள்ளறையிலிருந்து மாமியார், "எத்தனை?" என்பார். சொல்வேன். "எனக்கு எத்தனை என்று என்றைக்காவது எண்ணினாயா?" என்பார். ஒரு நாள் போய் அவருக்கும் எண்ணினேன். 18. "நாயைவிடப் பரவாயில்லை, அத்தை" என்றேன். அவருக்கு அதில் ஒரு திருப்தி.

செப்டம்பரில் மறுபக்கத்து மடியில் ஒரு கட்டி வந்து உடைந்தது. இதைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்: நாற்றம். சாதாரணப் புண் நாற்றம் இல்லை. வீட்டுக்காரர் தன் ரேடியோவையும் நாற்காலியையும் பின்கட்டுக்கு மாற்றிக்கொண்டார். கேட்டால், அங்கேதான் காற்று வருகிறது என்றார். மனிதர்களுக்குப் புற்றுப் புண் உடைந்தால் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுவார்கள். நாற்றத்தைக் கிளப்பும் கிருமியை அது அடக்கும். மருந்தகத்து டாக்டரைக் கேட்டேன். நக்காமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் செய்யுங்கள் என்றார். காய்ச்சி ஆறிய தண்ணீர் அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, அதில் காலையும் மாலையும் கழுவல். தேய்க்கக் கூடாது; ஊற்றி வழியவிட வேண்டும். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கக் கூடாது. ஊறவைத்து எடுக்க வேண்டும். பிறகு பொடி, அதன் மேல் ஒட்டாத துணி, அதற்கும் மேல் வீட்டுக்காரருடைய பழைய பனியன். முன்னங்கால் இரண்டையும் கைத்துளையில் நுழைத்து, முதுகுப் பக்கம் முடிச்சு. ஈ உட்காராது, நாக்கும் எட்டாது. நான்கு பனியன், சுழற்சி முறையில் கொடியில் காயும். மூன்றாம் நாள் நாற்றம் பாதியாகக் குறைந்தது. ரேடியோ முன்கட்டுக்குத் திரும்பியது.

டைல்ஸ் தரையில் கால் வழுக்கியதால் அவள் போகும் வழியெல்லாம் கோணிச் சாக்கு விரித்தேன். படுத்தே கிடந்தால் இடுப்பெலும்பில் புண் வரும். அதனால் புரட்டிப் படுக்கவைப்பது. தண்ணீர்த் தட்டைத் தரையில் வைக்காமல் ஒரு செங்கல்லின் மேல் வைப்பது. ஒகேனக்கல் குடிநீர் குழாயில் வரும் நாளில் பிடித்துவைத்ததைத்தான் அவளுக்கும் ஊற்றினேன். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பிள்ளைகளின் பழுப்புப் பற்களைப் பார்த்தே வேலைக்காலம் முழுக்கப் போயிற்று. "இனிமேல் இவளுக்குப் பல்லில் என்ன கறை வரப்போகிறது?" என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனாலும் ஊற்றினேன்.

சாப்பாடு தினம் ஒரு போராட்டம். களியை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். கோழி ஈரல் இரண்டு நாள் போனது. அவித்த முட்டையில் மஞ்சள் மட்டும் போனது. பிறகு ஒரு நாள் மாமியார் டீயில் நனைத்த வர்க்கியைத் தவறவிட, ராகி எழுந்து போய் அதைத் தின்றாள். அன்றிலிருந்து வர்க்கி. நாய்க்கு மைதா ஆகாது, சர்க்கரை ஆகாது என்றெல்லாம் எனக்குத் தெரியும். மாத்திரையை வர்க்கிக்குள் திணித்தால் ஒரே வாயில் போயிற்று. அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

மாத்திரை என்றதும் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நள்ளிரவு அவள் முனகல் தாங்க முடியாமல், என் முழங்கால் வலிக்கு நான் போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபெனாக் மாத்திரையைப் பாதியாக உடைத்து வர்க்கிக்குள் வைத்துவிட்டேன். அவள் வாய்க்குக் கொண்டுபோகும்போது அந்த ஆறு ஊசி ஞாபகம் வந்தது. கை நின்றது. காலையில் டாக்டரிடம் கேட்டேன். "நல்ல வேளை" என்றார். அந்த மருந்தும் இபுபுரூஃபெனும் நாயின் இரைப்பையில் ரத்தக் கசிவை உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால்கூட மனிதக் கணக்கில் கொடுக்கக் கூடாது. டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2006-இலேயே தடை வந்துவிட்டது. அது போட்ட மாடு செத்தால், அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளும் கூட்டமாகச் செத்தன. அவருக்கு அந்தக் கதையைச் சொல்வதில் ஆர்வம், அரை மணி நேரம் நிற்கவைத்துவிட்டார். அதற்கு மாற்றாக வந்த மெலாக்சிகாமைத்தான் ராகிக்கும் எழுதிக் கொடுத்தார், எடை பார்த்து, நாளுக்கு ஒரு வேளை, வெறும் வயிற்றில் கூடாது என்று. பத்து நாள் கழித்து அது போதாமல் வேறொன்றும் சேர்ந்தது.

"நாய்க்குப் போய் இவ்வளவா?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. எதிர்வீட்டு அக்கா வேறு ரகம். அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அஷ்டமியன்று போய், ராகி பெயரில் சாம்பல் பூசணியில் விளக்கேற்றிவிட்டு வந்தார். "பேர், நட்சத்திரம் கேட்டார்கள். பேர் சொன்னேன், நட்சத்திரம் தெரியாது என்றேன்" என்றார். சிமெண்ட் சாக்கில் வந்தவளுக்கு நட்சத்திரத்துக்கு எங்கே போவது? திருநீற்றைக் கொண்டுவந்து பனியனுக்கு மேலேயே பூசினார். எனக்குப் பெரிய பக்தி கிடையாது. அன்று பூச விட்டேன்.

அக்டோபர் தொடக்கத்தில் சிலிண்டர்காரர் வந்தார். வழக்கமான கேள்வி. சங்கிலியை அவிழ்த்து ஒரு மாதம் ஆகியிருந்தது, ஆனாலும் நான் கட்டியாயிற்று என்றேன். உள்ளே வந்தவர் பனியன் போட்ட உருவத்தைத் திண்ணையோரம் பார்த்துவிட்டு நின்றார். ராகி தலையை மட்டும் தூக்கினாள். தொண்டையிலிருந்து ஏதோ வந்தது, குரைப்பு என்று சொல்ல முடியாது. அவர் சிலிண்டரை உருட்டவில்லை. தோளில் தூக்கிக்கொண்டுபோய் அடுப்படியில் சத்தமில்லாமல் வைத்தார். போகும்போது "பணம் அடுத்த தடவை வாங்கிக்கொள்கிறேன்" என்றார். எதற்கு அப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. பணம் என் கையில் தயாராக இருந்தது.

இதற்கிடையில் மகன் ஓர் அட்டவணையை அனுப்பியிருந்தான். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் வகுத்தது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். கூட்டினால் 35-க்கு மேல் இருக்க வேண்டும். மூவரும் தனித்தனியாகப் போட்டோம். வீட்டுக்காரர் 52. நான் 29. மாமியார் மற்றதெல்லாம் தெரியாது என்று சொல்லி, மகிழ்ச்சிக்கு மட்டும் பத்துக்குப் பத்து கொடுத்தார், வாலாட்டுகிறதே என்றார். வீட்டுக்காரரின் தாளைப் பார்த்தேன். நடமாட்டத்துக்கு 7. அவள் அன்று நடந்தது சாக்கிலிருந்து கேட் வரைகூட இல்லை. பதிவேட்டில் எண்ணை ஏற்றுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; ஏற்றச் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. என் டைரியைத் திறந்து மேசையில் வைத்துவிட்டுப் போனேன். மூச்சு: 34, 38, 36, 42. அன்று இரவு அவரே வந்து, "டாக்டரைக் கேட்கலாம்" என்றார்.

மருந்தகத்து டாக்டர் ஒப்புக்கொண்டார். தீபாவளி 31-ஆம் தேதி வியாழன். வெடிச் சத்தத்துக்குக் கட்டிலடியில் ஒளியும் நாய். இந்த மூச்சோடு அது முடியாது. அதற்கு முன்பே என்றேன். அப்போதுதான் நாள் பார்க்கும் பிரச்சினை வந்தது. வெள்ளிக்கிழமை வீட்டில் உயிர் போகக் கூடாது என்றார் மாமியார், லட்சுமி போய்விடுவாளாம். சரி, சனிக்கிழமை. "சனிப் பிணம் தனிப் போகாது, தெரியாதா உனக்கு? இந்த வீட்டில் அடுத்த ஆள் யார்?" என்றார். அதற்குப் பதில் எங்கள் மூவருக்குமே தெரியும். பிணத்தோடு ஒரு கோழியைக் கட்டி அனுப்பினால் தோஷம் இல்லை என்று வீட்டுக்காரர் சொல்ல, நாய்க்கு எமலோகம் வரை வழிச்சாப்பாடா என்று நான் கேட்க, மூவரும் சிரித்தோம். மாமியார் புரையேறி இருமினார். ராகியும் இருமினாள். ஞாயிறு டாக்டர் ஊரில் இல்லை. திங்கள் என்று முடிந்தது.

அந்த நான்கு நாளும் நான் மூச்சு எண்ணவில்லை. டைரியில் அந்தக் கட்டங்கள் காலியாக இருக்கின்றன.

திங்கள் மாலை நான்கு மணிக்கு டாக்டர் வந்தார். அதற்கு முன்பு ராகி இரண்டு வர்க்கி தின்றாள், மூன்றாவதை நக்கிவிட்டு விட்டுவிட்டாள். மாமியார் தன்னுடைய நாற்காலியைத் திண்ணைக்குக் கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். முதல் ஊசி தொடைச் சதையில், மயக்கத்துக்கு. ஐந்தாறு நிமிடத்தில் தலை என் மடியில் கனத்தது. அடுத்தது நரம்பில் ஏற்ற வேண்டும். முன்னங்காலில் முடியை மழித்துவிட்டு டாக்டர் இரண்டு தடவை முயன்றார். உடம்பில் நீர் வற்றி நரம்பு அகப்படவில்லை. நான் பின்னங்காலைத் தடவிப் பார்த்து, கட்டைவிரலால் அழுத்தி, நரம்பை எழுப்பிப் பிடித்தேன். எத்தனை கைக்குச் செய்த வேலை. டாக்டர் ஊசியை என் பக்கம் நீட்டி, "நீங்களே ஏற்றிவிடுகிறீர்களா, சிஸ்டர்?" என்றார். மருந்தை அவர்தான் செலுத்துவார், நரம்பில் ஊசியை ஏற்றுவது மட்டும்தான். வேண்டாம் என்று தலையசைத்தேன். அவளுக்கு நான் போட்டதெல்லாம் போதும். விரலை மட்டும் எடுக்கவில்லை.

பின்பக்கம் மாமரத்துக்கு அப்பால் நான்கடிக் குழி காலையிலேயே தயாராகிவிட்டது. மழை பெய்திருந்ததால் மண் இளகியிருந்தது. புதிதாகத் துவைத்த பனியனைப் போட்டுத்தான் இறக்கினோம். மேலே உப்பு, மண், மற்ற நாய்கள் தோண்டாமல் இருக்க வேலிமுள். வீட்டுக்காரர் பயன்படாமல் கிடந்த பழைய அம்மிக்கல்லை இழுத்துவந்து தலைமாட்டில் நட்டார். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. செத்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும், அது கள்ளரைக் கடித்துக் காவல் காத்ததையும் கல்வெட்டில் எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் சொன்ன கதையை அவர் அங்கே நின்று எனக்கு மறுபடி சொன்னார். நான் குறுக்கிடவில்லை. முடித்த பிறகு, "நம் ஆள் எந்தக் கள்ளனைக் கடித்தாள்? கடித்தது சிலிண்டர்காரரைத்தானே" என்றேன். "அதை எழுதிவிடலாமா?" என்றார். கல்லை அப்படியே விட்டுவிட்டோம்.

மிஞ்சிய மருந்தை மருந்தகத்தில் கொடுத்துவிட்டேன். மூன்று பனியன் இன்னும் கொடியில் கிடந்தன. ஒன்றை வீட்டுக்காரர் எடுத்துப் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் நடுவில் ஒரு காலை, நான் அடுப்படியில் இருந்தேன். வெளியே வண்டி நிற்கும் சத்தம், சிலிண்டர் இறங்கும் சத்தம். பிறகு கேட்டுக்கு வெளியிலிருந்து, "நாயைக் கட்டியாயிற்றா, சிஸ்டர்?"

"கட்டியாயிற்று, வாருங்கள்" என்றேன்.